அக்காவின் டார்ச்

எல்லை தாண்டி ஒரு கும்பல் வந்திருக்கிறதாம். இருட்டில் பெண்களை அடித்துத் தள்ளிவிட்டு மாயமாகிவிடுகிறதாம். முதலில் அகப்பட்டவள் சந்துமுனை வீட்டுக்காரி, தையல் ஆலையில் வேலை பார்ப்பவள். கை முறிந்துவிட்டதாம்.

டீக்கடையில் இதைக் கேட்ட நகராட்சி லைட்டுக்காரன் டீயைப் பாதியில் வைத்தான். சந்துமுனை வீட்டுக்காரி அவனுடைய அக்கா. ஆளுங்கட்சித் தலைவர் வருகிற சாலையிலேயே வேலையாகச் சில நாட்கள் கிடந்தவனுக்கு வீட்டுச் செய்தி ஊர் சுற்றித்தான் வந்தது. உண்மையா என்று பார்க்க ஓடினான்.

சந்து வாசலில் புதிதாக ஒரு போலீஸ்காரர் கும்பலைத் தேடிக்கொண்டிருந்தார். அவன் பையைத் துழாவினார்.

"என்னய்யா இது?"

"டார்ச்சுங்க."

"இருட்டுல நடமாடுற ஆளா நீ?"

அசடு வழிந்துவிட்டு உள்ளே போனான்.

வெள்ளைக்காரன் காலத்தில் துரை வரும்போது, சந்து விளக்குகளைக் கழற்றி அவர் போகும் வழியில் மாட்டுவது நகராட்சி அலுவலகத்து வழக்கம். துரை கப்பலேறிவிட்டார், வழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. இந்த முறை தலைவர் திறந்துவைக்க வந்ததே 'அச்சமில்லா வீதி' திட்டத்தைத்தான். வேறு சந்தில் கை வைத்தால் சண்டைக்கு வருவார்கள் என்று சொந்தச் சந்து விளக்குகளையே கழற்றினான் லைட்டுக்காரன். மின்சாரத்தை நிறுத்தியபின் திருகாணி தெரியவேண்டுமே, எதற்கென்று சொல்லாமல் அக்காவிடம்தான் டார்ச் வாங்கிப்போனான்.

அக்கா கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கா தள்ளினது?"

"தள்ள ஆள் வேணுமாடா? குழாய் போடறேன்னு தோண்டிட்டுப் போன குழி போதாதா? விளக்கு எரிஞ்சிருந்தா தாண்டியிருப்பேன்."

"அப்ப கும்பல்?"

"கட்சிக்காரங்க வந்தாங்க. குழியில விழுந்தேன்னேன். 'தலைவர் வர்ற நேரத்துல அப்படிச் சொல்லாதீங்கம்மா'ன்னாங்க. மறுநாளே கும்பல் வந்துடுச்சு."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆலையில என் மெஷின்ல வேற ஆளை உட்கார வெச்சுட்டாங்களாம். எந்தக் கடங்காரன் விளக்கைக் கழட்டினானோ, அவன் கை விளங்காமப் போக! நீ அந்த ஆபீசுலதானே இருக்க, யாருன்னு கேட்டுச் சொல்லேன்."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான்.

"அது போகட்டும். என் டார்ச் எங்கடா?"

"பேட்டரி போயிடுச்சுக்கா. மாத்தித் தரேன்."

பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்து ஒரு மந்திரி வருகிறார் என்று சந்து விளக்குகள் பெரிய சாலையிலேயே எரிகின்றன. அவற்றை என்றைக்காவது திரும்பக் கழற்ற வேண்டுமே, டார்ச் அவன் பையிலேயே இருக்கிறது.