நாலு கேப்சூல் போதுங்க பாய்

மருந்துக்கடைக்காரனைப் பாதி டாக்டர் என்று ஊர் நினைக்கும். மீதிப் பாதி தாங்களே என்று வாங்க வருகிறவர்கள் நினைப்பார்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்ற எவருக்கும் இது தெரியும். தொண்ணூறை ஒட்டிய வருஷங்களில் ஏற்காடு பஜாரில் நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கன்றுக்குட்டிக்கும் சேர்த்து

வாழவந்தி கிராமத்து ராமனுக்கு டைபாய்டு. டாக்டர் பதினாலு நாளைக்குக் கேப்சூல் எழுதியிருந்தார். நாலு போதும் என்றவரிடம் மன்றாடி முழுசாகக் கொடுத்தனுப்பினேன். ஆறாம் நாள் ஒரு பை கொய்யாவோடு வந்து நின்றார். காய்ச்சல் விட்டுவிட்டதாம். மிச்ச மருந்து? கழிச்சல் கண்ட கன்றுக்குட்டிக்குத் தவிட்டில் பிசைந்து கொடுத்துவிட்டாராம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவருக்கோ முகமெல்லாம் பெருமை.

“ஏனுங்க பாய், எனக்குக் காச்சலும் நின்னுது, கன்னுக்குக் கழிச்சலும் நின்னுது. நொம்ப நல்ல மருந்துங்க!”

மழைக்கு முந்தி

நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், மழை தொடங்குமுன் வந்து சீதபேதி மாத்திரை ஒரு டப்பா கேட்டார். வியாதி வராமலிருக்க எஸ்டேட் வேலையாட்களுக்கு ஆளுக்கு ரெண்டு கொடுக்கப்போகிறாராம். “வியாதி இல்லாதவங்களுக்குக் கொடுத்தா கிருமிக்கு மருந்து பழகிப்போகும். நாளைக்கு நெசமா வேணுங்கறப்போ கேட்காது. தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க” என்றேன். சிரித்தார். நான் மறுத்தால் சேலத்தில் வாங்குவார். அந்தச் சமாதானத்தோடு டப்பாவை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

“ரெண்டு மாத்திரையா இருவதான்னு கிருமி என்னங்க பாய், எண்ணியா பாக்கப்போகுது?”

செல்வி

அடுத்த வருஷம், காப்பி பறிக்கும் பழனியம்மாளின் இளைய மகள் செல்விக்கு டைபாய்டு. வயது பத்தொன்பது. ராமன் சாப்பிட்ட அதே கேப்சூல்தான். ஒரு வாரமாகியும் சூடு இறங்கவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார், அதற்கும் அசையவில்லை. ரத்தத்தைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். வந்த காகிதத்தில், ரைட்டர் வாங்கிய மாத்திரை உட்பட, என் அலமாரியிலிருந்த மூன்று டைபாய்டு மருந்துக்கும் நேரே ஒரே பதில்: கேட்காது.

புதிதாக வந்திருந்த மாத்திரை சேலத்தில்தான் கிடைக்கும். நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். அதற்குள் குடலில் ஓட்டை விழுந்து, செல்வியை ஜீப்பில் சேலத்துக்கு இறக்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் உடம்புதான் மேலே வந்தது.

காரியம் முடிந்து பழனியம்மாள் கடைக்கு வந்தார். கையில் காலி மருந்து அட்டை. அவர் கேட்டதற்கு, அதிலிருந்த காலாவதித் தேதியைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அட்டையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

“போன வருசம் பெரியவளுக்கு இதே மருந்து கேட்டுச்சுங்களே பாய். எங்க செல்விக்குப் பழசு ஏதும் குடுத்துட்டீங்களா? நெசத்தைச் சொல்லுங்க.”

அத்தனை வருஷம் மருந்து விற்றதில், எங்கள் மலையில் ஒரு நாள் தவறாமல் முழு கோர்ஸும் எடுத்துத் தேறியது அந்தக் கிருமிகள் மட்டும்தான்.