அடிக்காத காற்று

1. உடைந்த கொக்கி

ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக அதே ஜன்னலின் கொக்கி உடைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி ஆள் வந்து சொன்னான். கொக்கி தானாக உடையாது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால்தான் உடையும். புதுக் கொக்கி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அது யுத்த காலம். திருத்தணியில் மலையடிவாரத்தில் ஒரு புண்ணியவான் கட்டி நடத்திவந்த பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. நான்கு கட்டில், ஒரு ஜன்னல், ஒரே ஒரு நர்ஸ். அங்கே மரவேலை எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முனுசாமி மேஸ்திரி என்று பேர்தான் பெரிது. எனக்குக் கீழே ஆள் கிடையாது; மேஸ்திரியும் நான்தான், கூலியாளும் நான்தான்.

போய்ப் பார்த்தால், ஜன்னலின் ஒரு கதவை நர்ஸ் ஞானம்மா திறந்து பிடித்திருக்கிறார். மறு கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைக் கொடுத்து நிற்கிறாள் பிள்ளை பெற்றவளின் தாய்.

"மேஸ்திரி, யாரும் சாத்த முடியாத மாதிரி ஒரு கொக்கி போடுங்க" என்றார் நர்சம்மா.

"தொறக்க முடியாத மாதிரி போடு நைனா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள் அந்தம்மா. "பச்ச ஒடம்புக்காரிக்குக் காத்து ஆவாது. இன்னிக்கு ஜன்னல், நாளைக்கு ஜன்னி!"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று பயம். நர்சம்மாவோ வேலூரில் படித்தவர். அறையில் நல்ல காற்று இல்லாவிட்டால் தாய்க்கும் ஆகாது, சேய்க்கும் ஆகாது என்பார். பத்து நாள் தங்கவேண்டும் என்பது ஆஸ்பத்திரி சட்டம். இரண்டாம் நாளே கிளம்பிவிடுவார்கள். ஜன்னல் காற்றுக்குப் பயந்து, மூடாத மாட்டு வண்டியில் கனகம்மாசத்திரம் வரைக்கும் போவார்கள். அதை நர்சம்மா கேட்டால், "அது வழிங்க, இது ரூமுங்க" என்று பதில் வரும்.

இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டுப் பழைய மாதிரியே ஒரு கொக்கியை மாட்டினேன்.

2. எனக்கு இதில் என்ன

கொக்கியை மாட்டிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். முடியவில்லை. என் மனைவி கண்ணம்மாவுக்கு அப்போது ஏழு மாதம்.

எங்கள் முதல் குழந்தை எங்கள் வீட்டு உள்ளறையில் பிறந்தான். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதன்மேல் பலகை வைத்து ஆணி அடித்தவன் நான். மாமியார் ராஜம்மா சந்தெல்லாம் சாணி வைத்து மெழுகினார். அறைக்குள் கரி நெருப்பும் சாம்பிராணியும் ஓயாமல் இருந்தன. ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டான். புகையா, காய்ச்சலா, வேறு எதாவதா, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைப் போட்டு அரித்தது. நானே அடித்த ஆணியாயிற்றே.

இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு வா, பத்து நாள் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நர்சம்மா கண்ணம்மாவிடம் சொல்லியிருந்தார். கண்ணம்மாவுக்கும் ஆசை. ஆனால் கூட இருந்து பார்த்துக்கொள்ள மாமியாரை விட்டால் எங்களுக்கு வேறு மனுஷி இல்லை. ராஜம்மா அம்மையார்குப்பத்து நெசவுக்காரி. தறியில் உட்கார்ந்தால் எழமாட்டார், பிடித்த பிடியை விடவும் மாட்டார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். கையோடு கொண்டுவந்த அகல் விளக்கை ஏற்றி ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் பிடித்துப் பார்த்தார். சுடர் படுத்துப் படுத்து எழுந்தது.

"இது ஆஸ்பத்திரியா, காத்துக் கொட்டாயா? இதுல என் பொண்ணைப் போட மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் கண்ணம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எங்கம்மா வரலன்னா நான் வூட்லதான் பெத்துக்கணும். அந்த ரூம்ல பெரியவ எனக்கே மூச்சு முட்டுச்சுங்க. புள்ளைக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

அவள் அதற்குமுன் அதைச் சொன்னதே இல்லை. நேராக மாமியாரிடம் போய், "வெளக்கு ஆடாத ஜன்னல் ஒண்ணு போட்டுத் தரேன் அத்தே. அப்ப ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"போடு மாப்ளே, பாக்கலாம்" என்றார். தை மாதம் பிரசவம் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அப்போது கார்த்திகை பிறந்திருந்தது.

3. நாகஸ்வரமும் ரயிலும்

வாயைக் கொடுத்துவிட்டேனே தவிர, விஷயம் தெரியாது. பெரிய வழியில் வருவதால்தானே காற்று அடிக்கிறது, சின்னச் சின்னத் துளையாகப் போட்டால் சாதுவாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு பலகை நிறையத் துளைபோட்டு ஜன்னலில் பொருத்தினேன். மலைக்காற்று கிளம்பியதும் பலகை நாகஸ்வரம் வாசித்தது. ஒவ்வொரு துளையிலும் காற்று ஊசியாக வந்து குத்தியது. கட்டிலில் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

"கிருத்திகைக்கு மேளக்காரங்க கொறைஞ்சா உங்க ஜன்னலை மேல கோயிலுக்கு அனுப்பிடலாம் மேஸ்திரி" என்றார் நர்சம்மா. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குறுக்கினால் காற்றின் வேகம் கூடும். தொழிலுக்கு வருகிறவர்கள் இதை என் செலவில் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து ரயில் ஞாபகம் வந்தது. ரயில்பெட்டி ஜன்னலில் சாய்வுச் சட்டங்கள் வைத்த கதவு இருக்குமே, அதை அளவெடுக்க அரக்கோணத்தில் ரயில் ஏறி மணவூர் வரைக்கும் போனேன். சட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்ததில், எதிரில் உட்கார்ந்திருந்தவர் தன் மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். திரும்பிவந்து தேக்குத் துண்டுகளை இழைத்து அதே மாதிரி செய்து ஜன்னலில் மாட்டினேன். பார்க்க அம்சமாக இருந்தது. என் கை வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்தது.

மார்கழி தொடங்கியிருந்தது. மாமியாரை வரவழைத்தேன். அவர் ஆஸ்பத்திரி முற்றத்தில் நர்சம்மா கொடுத்த கஞ்சி அரிசியைப் புடைத்துக் கொடுத்துவிட்டு, விளக்கோடு உள்ளே வந்தார். ஜன்னலின் நடுவுக்கு நேரே சுடர் நிமிர்ந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது. பிறகு விளக்கைத் தலையணைப் பக்கம் கொண்டுபோனார். சுடர் படுத்துவிட்டது. சட்டங்களில் பட்ட காற்று மேலே போகாமல் இரண்டு ஓரத்திலும் ஒதுங்கி, நேராகத் தலைமாட்டுக்கு வந்தது.

"தலமாட்டுல அடிக்குது" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காத்தே வேணான்னா சொல்லிடுங்க அத்தே. ஜன்னலைப் பேத்துட்டுச் செவுரு எழுப்பிட்டுப் போறேன்."

"காத்து வேணான்னு நான் எப்ப சொன்னேன்?" அவருக்கும் குரல் ஏறியது. "காத்து இல்லாம எவ உசுரோட கீறா? தெருவுல பாவு நூலை நீட்டி கஞ்சி போடுறமே, காத்து இல்லன்னா கஞ்சி காயுமா? ஆனா அடிச்சிச்சின்னா போச்சு, இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு பாழாப்பூடும். அதான் விடிகாலைல நீட்டுறோம். காத்து இருக்கணும் மாப்ளே. அடிக்கக் கூடாது."

நர்சம்மா வேண்டும் என்றதும் காற்று, மாமியார் ஆகாது என்றதும் காற்று. சொல் ஒன்று, பொருள் வேறு வேறு. இருப்பது ஒன்று, அடிப்பது ஒன்று. இது புரியாமல் இருவரும் கதவைப் பிடித்து இழுக்க, நான் கொக்கி மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். நானும்தான் இதுவரை காற்றைக் குறைக்கப் பார்த்தேனே தவிர, அது அடிக்கிற திசையை முழுக்க மாற்றப் பார்க்கவில்லை.

4. முறம்

மாமியார் விளக்கோடு முற்றத்துக்குப் போனார். வெளியே நல்ல காற்று. விளக்கு அணையாமல் இருக்க, அங்கே கிடந்த முறத்தை எடுத்து முன்னால் நிமிர்த்திப் பிடித்தார். முறத்துக்கு மூன்று பக்கம் கரை, ஒரு பக்கம் வாய். வாய் மேலே பார்த்திருந்தது. குழிவு காற்றுப் பக்கம் இருந்தது.

முறத்தில் கொஞ்சம் உமி ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று வந்து மோதியதும் அந்த உமி அத்தனையும் ஓரத்துக்குச் சிதறாமல் நேரே மேலே கிளம்பியது. மாமியாரின் தலைக்கு மேலே போய், அங்கேயே பரவி, அப்புறம் மெல்ல மெல்ல அவர் முதுகுப் பக்கம் இறங்கியது. அவர் கையில் விளக்கு அசையவில்லை.

"அத்தே, அப்பிடியே நில்லுங்க!" என்று கத்தினேன்.

"இன்னாத்துக்கு?" என்று பயந்துபோய்த் திரும்பினார். விளக்கு அணைந்துவிட்டது. போனால் போகிறது, எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ரயில் கதவில் இல்லாதது முறத்தில் இருந்தது, பக்கத்துக் கரை.

யுத்த காலத்தில் கண்ணாடியும் கிடையாது, இரும்புத் தகடும் கிடையாது. தகரக்கடை காதர் பாயிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு இரண்டு பழைய மண்ணெண்ணெய் டின்களை வெட்டி விரித்தார். "ஜன்னலுக்கு மொறமா? செய்யலாம் மேஸ்திரி. ஓரத்தை மடிச்சி வுட்டுத் தரேன், கையக் கிழிக்காது" என்றார்.

ஜன்னலின் கீழ்ப்பாகத்தைப் பலகையால் மூடினேன். மேல்பாகத்தில் ஒரு பலகை. அதன் அடியில் கீல். மேல்முனை அறைக்குள் சாயும். இரண்டு பக்கமும் முக்கோணமாகக் காதர் பாயின் தகரம். காற்று உள்ளே வந்தால் போக ஒரே வழி, மேலே. சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சங்கிலி, அதை மாட்ட மூன்று ஆணி. வெயிலுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று, மழைக்கு ஒன்று.

மாட்டிவிட்டு முதலில் நானே விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். சுடர் நிமிர்ந்து நின்றது. நான்கு தலைமாட்டிலும் நின்றது. நர்சம்மாவைக் கூப்பிட்டேன். அவர் விளக்கைப் பார்க்கவில்லை. ஒரு மூலையில் இருந்த சாம்பிராணித் தட்டைப் பார்த்தார். புகை அங்கேயே மேகமாகத் தொங்கியது.

"விளக்கு ஆடலை, சரி. புகையும் போகலையே?" என்றார். "மூக்குல இழுத்தா மட்டும் போதுமா மேஸ்திரி? விட வேணாமா? போற வழி எங்க?"

வரும் வழியையே நினைத்து நினைத்து, போகும் வழியை மறந்திருக்கிறேன். வெளியே போக இடமில்லாவிட்டால் உள்ளே வரவும் காற்றுக்கு மனசு வராது. எதிர்ச்சுவரில் கூரைக்குக் கீழே நான்கு செங்கல் எடுத்தேன். அணில் வராமல் இருக்கத் துளைபோட்ட தகரம் வைத்து மூடினேன். கடைசி ஆணி அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், தொங்கிக்கொண்டிருந்த புகை நகர ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அறை தெளிந்தது. விளக்கு அப்படியே நின்றது.

நர்சம்மா கண்ணை மூடி ஒரு மூச்சு நன்றாக இழுத்தார். "மார்கழிக் காத்து" என்றார்.

மறுநாள் மாமியார் வந்தார். நான்கு கட்டிலுக்கும் விளக்கைப் பிடித்தார். சாம்பிராணி போட்டார், புகை போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முறப் பலகையைத் தட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொல்வாரா என்று காத்திருந்தேன். அதெல்லாம் அவர் பழக்கமில்லை. நர்சம்மா பக்கம் திரும்பி, ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த கட்டிலைக் காட்டினார்.

"எம் பொண்ணுக்கு இத்தக் குடுங்க."

5. பத்து நாளும் அதற்குமேல் மூன்று நாளும்

தை மாதம் கண்ணம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவேன். எட்டாம் நாள் போனேன். ஒன்பதாம் நாள் வேலைக்கே போகவில்லை. ஆஸ்பத்திரி வாசற்படியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் இரண்டு தடவை வெளியே வந்து, "பால் குடிச்சிகினு கீது", "தூங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் அன்று கணக்குத் தெரிந்திருந்தது.

பத்தாம் நாள் தாயும் சேயும் நன்றாக இருந்தார்கள். பதினோராம் நாள் வண்டி கொண்டுபோய் நிறுத்தினேன். நர்சம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேஸ்திரி, உங்க அத்தை கட்டிலை விட்டு நகர மாட்டேங்கறாங்க. இத்தனை வருஷமா தங்குங்க தங்குங்கன்னு கெஞ்சினேன். இப்ப போங்கன்னு கெஞ்சறேன். வெளிய ஒரு பொண்ணு வலியோட உட்காந்திருக்கு."

உள்ளே போனேன். மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அத்தே, வண்டி வந்துகீது."

"வூட்ல ஜன்னல் எங்க கீது?" என்று கேட்டார். அவர் குரலை இறக்கிக்கொண்டார். "மொத புள்ளைய அந்த ரூம்லதான் வுட்டோம். சாணி வெச்சி மொழுவுனது நான்தான். இத்த எடுத்துகினு அங்க வர மாட்டேன் மாப்ளே. நீ போட்டுட்டு வந்து சொல்லு."

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "ஆணி அடிச்சது நான்தானே அத்தே" என்றேன். நர்சம்மா அந்தக் கட்டிலை வெளியே இருந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, எங்களவர்களுக்குத் தன் சொந்த அறையைத் திறந்துவிட்டார்.

அதன்பின் நான் எத்தனையோ வீடுகளுக்கு ஜன்னல் போட்டிருக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வேண்டாம் என்கிறவரிடம் என்ன வேண்டாம் என்று உட்கார்ந்து கேளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு மூன்று நாள் பிடித்தது. நான் செய்ததிலேயே மோசமான வேலை அதுதான். அன்று நான் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில் சட்டம் பிளந்து, பலகை ஒரு பக்கம் கோணி, சங்கிலி நீளமாகிவிட்டது. மாமியார் குழந்தையோடு வந்து அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு குறையும் சொல்லாமல் பாயை விரித்தார்.