சைவப் பூனையின் வேட்டை

ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதலில் கேட்பது ஊரையோ வேலையையோ அல்ல, "சைவமா?" என்பதைத்தான். நான் சைவம். வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. சத்தமாகத் தும்மக்கூடக் கூச்சப்படுகிற ஆள். மாடி அறையைக் காட்டிய வீட்டுக்கார அம்மா என் கையிலிருந்த கூடையைப் பார்த்தார். உள்ளே என் பூனை.

"இது?"

"இதுவும் சைவந்தாங்க."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் நம்பிவிட்டார். "முட்ட ஓடு ஒண்ணு கண்ணுல பட்டாலும் அன்னிக்கே காலி பண்ணிடணும்" என்றார்.

பூனை தயிர்ச்சோறு சாப்பிடும் என்பது உண்மைதான். ஆனால் அது அதற்கு டிபன். சாப்பாடு வெளியில். குடிவந்த மறுநாளே என் செருப்புக்குள் ஒரு பல்லி வால் துடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஓணான், வெட்டுக்கிளி, தலையில்லாத சுண்டெலி. மொட்டை மாடிச் சுவரில் அணில் ஓடினால் போதும், வயிற்றைத் தரையோடு ஒட்டி, பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டி, பற்களை டைப்படிப்பதுபோல் தட்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். பிறகு துடைப்பமும் பழைய செய்தித்தாளுமாக ஓடுவேன். தினமும் கொலை நடந்த இடத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் பல் துலக்குவேன். மாட்டிக்கொண்டால் வேறு வீடு தேட வேண்டும். பத்து வீட்டு பெல்லை அடித்து, முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் பேச வேண்டும். அதற்குக் கிரிவலம் போகிற மலையை உருண்டே சுற்றிவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். விரல் நுனியில் ஒரு தவிட்டுக்குருவி இறகு.

"கோலத்து மேல கெடந்துது தம்பி. நெசத்தச் சொல்லுங்க, இது கறி திங்குதா?"

மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துச் சும்மா பெருக்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்துப் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தது. வாயில் ஒரு மூஞ்சூறு. நேராக வந்து அவர் காலடியில் வைத்தது.

முடிந்தது என்று கண்ணை மூடினேன். "ஐயையோ!" என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், செத்ததுபோல் கிடந்த மூஞ்சூறு கீச்சிட்டபடி ஓடுகிறது. அம்மா புடவையைச் சுருட்டிக்கொண்டு என் பிளாஸ்டிக் நாற்காலிமேல் நிற்கிறார்.

"புடிங்க தம்பி! வேணாம், புடிக்காதீங்க! புள்ளையார் வாகனம்!"

துடைப்பத்தோடு இரண்டு கட்டளைக்கும் கீழ்ப்படிந்து முன்னும் பின்னும் குதித்தேன். மூஞ்சூறு என் கால்களுக்கு நடுவே புகுந்து படியிறங்கிப் போய்விட்டது.

பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூஞ்சூற்றின் நாற்றம் பூனைக்கு ஆகாது; வேட்டையாடும், ஆனால் தின்னாது. அது தட்டுக்குப் போய்த் தயிர்ச்சோற்றை நக்கத் தொடங்கியது.

அம்மா நாற்காலியில் நின்றபடியே அதைப் பார்த்தார்.

"பல்லுகூடப் படல, பாத்தீங்களா! பாவம், நான்தான் சந்தேகப்பட்டுட்டேன்."

சிரிப்பு தொண்டைவரை வந்து முட்டியது. இருமலாக மாற்றினேன். அவர் இறங்கிப் படிவரை போய்த் திரும்பினார்.

"எங்க அரிசி ரூம்ல எலித் தொல்ல ஜாஸ்தி தம்பி. மத்தியானம் இதக் கொஞ்சம் கீழ அனுப்புங்க. ஆனா தொரத்த மட்டும் சொல்லுங்க, கொல்ல வேணாம்."

"சொல்லிடறேங்க" என்றேன்.

மத்தியானம் அதன் காதருகே குனிந்து சொல்லவும் செய்தேன். அது கொட்டாவி விட்டது.