எண்ணூறு நாள் கூலி

எங்கள் அருங்காட்சியகத்தில் நாணய அறைக்குப் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் ‘விலைவாசி’ என்றுதான் கூப்பிடுவோம். அந்த அறை மாடியில் இருந்தது. காலையில் வாசற்காவலரிடம், “விலைவாசி ஏறிடுச்சா?” என்று கேட்டால், “அது எப்பவோ ஏறிடுச்சு” என்பார். காதில் விழுந்தால் அவரும் சிரித்துக்கொள்வார். பக்கத்து அறையில் பானைகளுக்குப் பொறுப்பு நான். இருபத்திரண்டு வருஷம் ஒரே வராந்தாவில் வேலை பார்த்தோம்.

ஒவ்வொரு காசுக்குக் கீழேயும் ஒரு சீட்டு எழுதி வைப்பது அவர் வேலை. எந்த ஆட்சி, என்ன உலோகம், என்ன எடை. கடைசி வரியில் ‘இன்றைய மதிப்பு’. வருகிறவர்கள் முதலில் படிப்பது அந்தக் கடைசி வரியைத்தான். அவரைப் படுத்தி எடுத்ததும் அதுதான். இரண்டு வருஷத்தில் சீட்டு பொய்யாகிவிடும். தானியத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு தொகை வரும், வெள்ளியை வைத்துப் போட்டால் வேறொன்று வரும். ஒரே அரசரின் முகம் பதித்த காசிலேயே, ஆட்சித் தொடக்கத்தில் முழு வெள்ளி. போர் வந்த பிறகு பாதிக்குப் பாதி செம்பு.

“விட்டுத் தொலைங்களேன், யார் சரி பார்க்கப்போறாங்க?” என்றேன் ஒருநாள். அப்போதுதான் தன் கதையைச் சொன்னார்.

அவருடைய அப்பா கொத்தனார். இவருக்கு ஆறு வயதாகும்போது சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். வேலை கொடுத்த நிறுவனம் நஷ்ட ஈடாக எட்டாயிரம் கொடுத்தது. அப்போது கொத்தனாரின் தினக்கூலி பத்து. அவர்கள் குடியிருந்த தெருவிலேயே ஒரு சின்ன வீடு ஏழாயிரத்து ஐந்நூறுக்கு வந்தது. தாய்மாமா தலைபாடாக அடித்துக்கொண்டார், வாங்கிப் போடு என்று. அம்மா கேட்கவில்லை. பையன் படிப்புக்கு என்று பன்னிரண்டு வருஷத்துக்கு வங்கியில் போட்டுவிட்டு, நாலு வீட்டில் துணி துவைத்து அவரை வளர்த்தார்.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் விலை எகிறியது. வட்டியோடு இருபதாயிரமாகப் பணம் கைக்கு வந்தபோது கொத்தனாரின் தினக்கூலி இருநூற்று ஐம்பது. கல்லூரியின் முதல் வருஷக் கட்டணத்துக்கும் ஒரு சைக்கிளுக்கும் சரியாகப் போயிற்று. சைக்கிள் கடையிலிருந்து திரும்பும் வழியில் அவர் அம்மாவைப் பார்த்து, “மாமா பேச்சைக் கேட்டிருந்தா வாடகையாவது மிச்சமாகியிருக்கும்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு, பழைய கோட்டை மதில் கட்டிய செலவுக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தார். முந்நூற்று இருபது வருஷத்துக்கு முந்தையது. அதில் ஒரு வரி: மதிலிலிருந்து விழுந்து இறந்த கொத்தனாரின் மனைவிக்கு அறுபது வெள்ளிக்காசு. கணக்கை எடுத்துக்கொண்டு என் அறைக்கே வந்து காட்டினார். ஐந்து நாள் வேலைக்கு ஒரு காசு என்பது அன்றைய கூலி.

அன்றே அந்த வகைக் காசின் சீட்டை மாற்றினார். ‘இன்றைய மதிப்பு’ வரியை அடித்துவிட்டு, ‘விழுந்து இறந்த கொத்தனாரின் மனைவிக்கு இதில் அறுபது கொடுத்தார்கள். அவருடைய முந்நூறு நாள் கூலி’ என்று எழுதினார். இயக்குநர் அம்மா வந்து பார்த்து முகம் சுளித்தார்.

“ஜனங்க தொகைதான் சார் கேப்பாங்க.”

“தொகை நிக்காது மேடம். நாள் நிக்கும்.”

ஏனோ அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

அடுத்த வாரம் விலைவாசி தன் அம்மாவை அழைத்துவந்தார். எண்பதைத் தொட்ட மனுஷி. நானும் ஒரு கை பிடித்து மாடி ஏற்றினேன். அந்த அம்மா சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இதைக் கையிலயே வாங்கினாளா அவ?”

“ஆமாம்மா.”

“நமக்குக் குடுத்தது எத்தனை நாள்?”

“எண்ணூறு நாள். எடுக்கும்போது எண்பது.” பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த, விலையேற்றத்தில் மதிப்பிழந்துபோன பழைய நோட்டுக் கட்டுகளைக் காட்டி, “உன் தப்பு இல்லம்மா. இதோ பாரு, இந்த நோட்டெல்லாம் கஜானா அதிகாரி ஒருத்தர் பெட்டியில வச்சிருந்தது. விவரம் தெரிஞ்சவரே ஏமாந்திருக்கார்” என்றார்.

“அவருக்கு அது புருஷன் செத்த பணமா?”

எனக்கு அங்கே நிற்பதே சங்கடமாக இருந்தது. விலைவாசி தலையைக் குனிந்துகொண்டு, “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா” என்றார்.

“நீ சொன்னது சரிதான்டா. அதைச் செலவு பண்ணிட்டா உங்கப்பா நெசமாவே போயிட்டார்னு ஆயிடும்னு தோணுச்சு. உங்க மாமாகிட்ட இதை எப்படிச் சொல்றது?”

பிறகு, கால் வலிக்கிறது, நாற்காலி போடு என்றார். இருவரும் வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். நான் பானைகளிடம் திரும்பிவிட்டேன்.

மறு வருஷம் அந்த அம்மா காலமானார். விலைவாசியும் ஓய்வு பெற்றுவிட்டார். சீட்டு இன்னும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதைத் தாண்டித் தங்கக் காசுகளுக்கு ஓடுகிறார்கள். போன மாதம் கூரை ஒழுகுகிறதென்று பழுது பார்க்க வந்த ஆட்களில் ஒருவர் நின்று அதைப் படித்தார். விரல்விட்டு எண்ணிவிட்டுத் தன் கூட்டாளியிடம், “நம்ம காண்ட்ராக்டர் இவ்வளவு தரமாட்டான். இடுப்புக் கயித்தை நல்லா இழுத்துக் கட்டு” என்றார்.