பிளேட்டுக்கு ஊற்றிய மஞ்சத்தண்ணி

முத்தாத்தாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் எருத்தேன்பதியில் இரண்டே பேர். ஒருவர் கட்டிய புருஷன் பிச்சைமணி. பயப்பட வேண்டியதையெல்லாம் அவர் எப்போதோ பயந்து முடித்துவிட்டார். இன்னொருவன் அவருடைய சித்தப்பா மகன் குப்பண்ணன். அவனுக்கு அவள் அண்ணன் பெண்டாட்டி. அந்தப் பக்கத்து வழக்கில் ‘நங்கையா’. பசித்தால் கேட்காமல் அடுப்படிக்குள் புகுந்து சட்டியைத் திறக்கும் உரிமை அவனுக்கு உண்டு. பிள்ளையில்லாத வீட்டில் அந்தச் சட்டிச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தியது ஏசல் கும்மி. மாரியம்மன் நோம்பிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, ஒருவர் மானத்தை ஒருவர் பாட்டிலேயே வாங்குவார்கள். கைத்தட்டு ஒரு சுற்று வருவதற்குள் எதிர்ப்பாட்டு வந்தாக வேண்டும். குப்பண்ணன் பெண்டாட்டிக்குப் பயந்து மாட்டுத் தாழியில் ஒளிந்ததை அண்ணன் பாடுவார். பதிலுக்குத் தம்பி எடுப்பது எப்போதும் ஒன்றுதான்:

காட்டுக்குள்ள கடலக்கா காச்சிருக்கு – அண்ணன்
ஊட்டுக்குள்ள உத்தரந்தான் காத்திருக்கு!

கூரை உத்தரம் காத்திருப்பது தொட்டில் கட்ட. ஊரே சிரிக்கும். முத்தாத்தாளும் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். ஏனென்றால் மறுநாள் மஞ்சள் நீராட்டு. ஏசியவன் ஏச்சு வாங்கிய வீட்டுக்கு வந்து வாசலில் தலை குனிந்து நிற்க, அந்த வீட்டுப் பெண் ஒரு குடம் மஞ்சத்தண்ணியை அவன் தலையில் கவிழ்ப்பாள். அதோடு எல்லாம் கழுவிப் போச்சு. உள்ளே போய் இலை போட்டுச் சாப்பிடுவான். தலை எழுத்தை நினைத்து அவள் அழுத நாட்கள் உண்டு. அந்தப் பாட்டை நினைத்து ஒரு நாளும் அழுததில்லை.

எழுபத்தி நாலில் கோயமுத்தூர் ரெக்கார்டு கம்பெனி ஒன்று இவர்களைக் கூப்பிட்டது. கும்மியடிக்கும் நரைத்த கூட்டமே ஒரு வேனில் அடைந்து போனது. நாலு சுவரிலும் மெத்தை தைத்த அறை. எதிரே சனம் இல்லாமல் குப்பண்ணனுக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில் கண்ணை இறுக மூடிக் கோயில் வாசலை நினைத்துக்கொண்டான், பிறகு வெள்ளம்தான். நோம்பியில் பாடுவதை ஒன்று விடாமல் பாடினார்கள், உத்தரம் உட்பட. மறுநாள் மஞ்சத்தண்ணி யார் ஊற்றுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை அனுபவசாலிகள்!

பாட்டு ஏறிய பிளேட்டு வந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு முத்தாத்தாள் போயிருந்தபோது, பனைமரத்தில் கட்டிய மைக்செட்டுக் குழாயில் உத்தரம் காத்திருக்க ஆரம்பித்தது. முன்பின் தெரியாத சனமெல்லாம் சிரித்தது. யாரோ ‘இன்னொருக்கா போடப்பா’ என்றார்கள். மைக்செட்டுக்காரன் ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தான். அவள் ஊரைக் கேட்டு வைத்திருந்த பக்கத்து இலைக்காரி குனிந்து, “அது உங்க ஊடுங்களா?” என்று கேட்டாள். முத்தாத்தாள் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

அன்று மாலையே குப்பண்ணன் வெற்றிலை பாக்கோடு வந்து வாசலில் நின்றான்.

“தப்பாப் போச்சுங்க நங்கையா. நோம்பிப் பாட்டுன்னு நெனச்சுப் பாடிப்போட்டேன்.”

“நோம்பி மூணு நாள்ல முடியுது. இது எப்பப்பா முடியும்? நான் செத்த பொறவும் பாடிட்டேதான இருக்கும்?” என்றாள். “இனி இந்த ஊட்டுப் படி ஏறாதே. கும்மியும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்.”

பிச்சைமணி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஊரூராய்ப் போன பிளேட்டைத் திரும்பப் பொறுக்க முடியாது. கொட்டின பாலை அள்ள முடியுமா? குப்பண்ணன் போகவில்லை. தொட்டியடியில் கிடந்த குடத்தை நிறைத்து, அடுப்படியில் புகுந்து மஞ்சள் எடுத்து வந்து கரைத்து, அவள் முன்னால் வைத்துத் தலை குனிந்தான்.

“அது பாடற அன்னிக்கெல்லாம் நோம்பின்னு வெச்சுக்கோங்க நங்கையா. பாடப் பாட நான் வந்து நிக்கறேன். ஊத்துங்க.”

கோபத்தில் குடத்தோடு தலையில் போட்டுவிடுவாளோ என்றுகூடப் பிச்சைமணி பயந்தார். ஊற்றினாள். ஊற்றிவிட்டு ஓவென்று அழுதாள்.

அவன் சொல் தவறவில்லை. வைகாசி முகூர்த்தமா, காதுகுத்தா, சித்தூர்ப் பக்கம் ஓணமா, எங்கே குழாய் பாடினாலும் மறுநாள் காலையில் சைக்கிள் வாசலில் நிற்கும். வெள்ளைச் சட்டை ஒன்றுகூட அவனிடம் வெள்ளையாக மிஞ்சவில்லை. ஊர் அவனுக்கு ‘மஞ்சச்சட்டை’ என்று பேர் வைத்தது. பிளேட்டுக் கேட்டுச் சிரித்தவர்கள் இதைக் கேட்டும் சிரித்தார்கள்; அந்தச் சிரிப்பில் அவளுக்கும் பங்கு இருந்தது. சட்டிச் சத்தம் அடுப்படிக்குத் திரும்பியது.

ஒரு மார்கழியில், ஐயப்பன் பூசைக்குப் பந்தல் போட்ட இடத்தில் எவனோ விவரமில்லாமல் அந்தப் பிளேட்டைப் போட்டுவிட்டான். விடிந்ததும் குப்பண்ணன் இருமிக்கொண்டே வந்து நின்றான். நெஞ்சில் சளி கர்கர் என்றது.

முத்தாத்தாள் அவனைப் பார்த்தாள். உள்ளே போய் விறகைத் தள்ளி அடுப்பைப் பெரிதாக்கினாள். ஆவி பறக்கத் தண்ணீரை இறக்கி, மஞ்சளைக் கலந்து, கை விட்டுப் பதம் பார்த்து எடுத்து வந்தாள்.

“சுடுதண்ணி ஊத்துனா கழியுமுங்களா நங்கையா?” என்றான் குப்பண்ணன்.

“அதெல்லாம் எப்பவோ கழிஞ்சு போச்சு. தண்ணி ஆறிப்போனா சளி இன்னும் ஏறிக்கும், தலையைக் குனி” என்றாள், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு.