செல்வி டீச்சரோடு ட்ரவுட் தேடிப் போனது

போன வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நசீர் சாருக்குப் போன் வந்தது. கேட்டு முடித்துவிட்டு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "நம்ம செல்வி டீச்சர் போயிட்டாங்களாம்பா. காலைல நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிருக்காங்க" என்றார். முதல் நாள் மாலைகூட அவருடைய விசில் சத்தம் மைதானத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் பேனாவை எடுக்கவில்லை.

செல்வி டீச்சரை விளையாட்டு ஆசிரியையாக நம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மீன் பைத்தியம் சிலருக்குத்தான் தெரியும். தாமல் ஏரியில் அப்பாவோடு தூண்டில் போட்டு வளர்ந்தவர். இமாசல மலையாறுகளில் ட்ரவுட் என்று ஒரு மீன் உண்டு, இறகும் நூலும் சுற்றிய பொய் ஈயை நீரில் மிதக்கவிட்டு அதைப் பிடிப்பார்கள் என்று எப்போதோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். அதன்பின் அவருக்கு வேறு பேச்சில்லை. என்னையும் நசீர் சாரையும் கூட்டு சேர்த்துக்கொண்டார்.

ஈ கட்ட நூல் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தம்பி தறியில் இருந்தான். மிஞ்சிய பட்டு இழைகளில் மயில்கழுத்து நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். மீனுக்கா பட்டு என்று அம்மா கேட்டார். "ஏமாத்துறதுன்னாலும் நல்ல பொருள வச்சி ஏமாத்தணும்மா" என்றார் டீச்சர். அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றுதான்.

பள்ளி விட்டபின் மைதானத்தில் தூண்டில் வீசிப் பழகினோம். கயிறு தலைக்குமேல் முன்னும் பின்னும் பறக்க வேண்டும். என்னுடையது வேப்பமரத்தில் மாட்டும். நசீர் சாருடையது அவர் சட்டையில் மாட்டும். டீச்சர் பேய் ஓட்டுகிறார் என்று காவலாளி வெளியே சொல்லிவைத்தார்.

பயணத்தைத் திட்டமிட்டதும் அவர்தான். சாலை முடிகிற ஊரிலிருந்து வழிகாட்டியோடு ஏறுவது, இடையில் கூடாரம், மறுநாள் மலைமுகட்டைத் தாண்டினால் ஆறு. மீன்பிடி அனுமதி முதல் கம்பளிக் கையுறை வரை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார். கடைசியாக ஒரு விதி போட்டார்: ஒருவருக்கு முடியாமல் போனால் மூவரும் திரும்பிவிட வேண்டும். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டோம்.

முடியாமல் போனது எனக்குத்தான். உயரம் ஒத்துக்கொள்ளாமல், கூடாரத்தில் விடியும்போதே தலைவலி மண்டையைப் பிளந்தது. குடித்த தண்ணீரும் நிற்கவில்லை. இவரைக் கீழே இறக்கிவிட ஆள் ஏற்பாடு செய்கிறேன், நீங்கள் இருவரும் மேலே வாருங்கள் என்றார் வழிகாட்டி. நானும் கெஞ்சினேன். முகட்டுக்கு அப்பால் ஆற்றின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

டீச்சர் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். "மேல போயி மீனப் பாத்துக்கினே உங்கள நெனச்சிக்கினு இருக்கணும். அது எனக்கு வேணாம் சார்" என்றார்.

கீழே இறங்கி எனக்குத் தலை தெளிந்த மறுநாள், ஊரை ஒட்டிய ஓடையில் தூண்டில் வீச அனுமதி கிடைத்தது. மதியத்துக்குள் டீச்சரின் கயிற்றை ஏதோ சுண்டி இழுத்தது. உள்ளங்கை நீளத்தில் ஒரு ட்ரவுட், உடம்பெல்லாம் புள்ளிகள். கையை நனைத்துக்கொண்டு ஏந்தினார், முள்ளை விடுவித்தார், நீரில் விட்டார். கை காலியான பிறகும் சற்று நேரம் அப்படியே குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அழுதிருந்தார். "எங்கப்பா பாத்திருக்கணும்" என்றார்.

இந்தக் கோடையில் மறுபடி போவதாக இருந்தது. என்னை விட்டுவிடுங்கள், என்னால் உங்கள் பயணமும் கெடும் என்று போன மாதம்தான் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டு நாள் கீழேயே தங்கி உடம்பு பழகியபின் ஏறலாம், அதற்கும் சேர்த்துத்தான் நாள் ஒதுக்கியிருக்கிறேன் என்றார்.

மலையிலிருந்து இறங்கிய அந்த நாள்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு டீச்சர் முன்னால் நடந்தார். எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் ஷூ நாடா கட்டக் குனிந்தார். ஒருமுறை நெருங்கிப் போய்ப் பார்த்தேன். முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது.