உள்தாழ்ப்பாள் இல்லாத அறை

யுத்தகாலம். கடலூரில் நர்ஸாக இருக்கும் நான், திண்டிவனம் போகும் வழியில் ரயிலைத் தவறவிட்டு, விழுப்புரத்தில் ஒரு விடுதியில் தனியாக அறை எடுத்தேன். மழையில் நனைந்த புடவையை மாற்றத் தொடங்கிய பிறகுதான் கதவைக் கவனித்தேன். உள்தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணித்துளைகள் மட்டுமே இருந்தன. அதற்குள் பக்கத்து அறைக்காரன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து சிரித்தான். பித்தளைச் செம்பை அவன் முகத்தில் எறிந்து கத்தினேன். அவன் ஓடினான். சத்தம் கேட்டு வந்த மானேஜரிடம் தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டதும், அவர் என்மீதே எரிந்து விழுந்தார்.

“தனியா வர்ற பொம்பளைங்க தாழ் போட்டுக்கினு தூக்குல தொங்கிட்டா, போலீஸ் பேஜாரு எனக்குத்தானே? அதான் கழட்டிட்டேன்.”

“அந்த ஆள் அறையிலும் கழற்றினீர்களா?”

“அவரு ஆம்பளைம்மா!”

உடனே வெளியேறி, ரயில் நிலையத்துப் பெண்கள் அறையில் தங்கினேன்.

இப்போது எந்த விடுதியிலும் பெட்டியை வெளியே வைத்துவிட்டு, முதலில் உள்ளே போய்த் தாழ் போட்டுப் பார்க்கிறேன். சென்ற மாதம் திண்டிவனத்தில் ஒரு விடுதிக்காரர், “எங்களை நம்ப மாட்டீங்களாம்மா?” என்றார்.

“மாட்டேன்” என்று மூடிய கதவுக்குள்ளிருந்தே சொன்னேன்.